வெள்ளை நாடா

காக்கி புக்கிட்டில், டயர்க் கிடங்குக்கு மேலே
ஆறாவது மாடி.
சரக்கு மின்தூக்கி ஏழு மணிக்கு உறங்கிவிடும்;
அதற்குப் பிறகு கலை வேண்டுமென்றால்
படியேறித்தான் வர வேண்டும்.

அட்டவணை எழுதுவது என் வேலை. சம்பளமில்லை.
ஓவியத்துக்குச் சிவப்பு நாடா, நாடகத்துக்குப் பச்சை,
புகைப்படத்துக்கு மஞ்சள்.
எதிலும் சேராதவை ஜன்னலோரம்,
மழையடித்தால் முதலில் நனையும் தட்டில்.

தேஷ்வின் உயர்நிலை மூன்று.
இளையர் பட்டறைக்கு வந்தது
ஏர்கானுக்காக என்று அவனே சொன்னான்.
நான்கு வாரம் ஒரு கோடும் போடவில்லை.
ஐந்தாம் வாரம் பதினாறு பக்கம்,
இரண்டு ஸ்டேப்பிள் முள், ஒன்று கோணல்.
'கூடாது' என்று தலைப்பு.
தன் புளோக்கின் கீழ்த்தளத்து அறிவிப்புப் பலகைகள்
அத்தனையும் பேனாவால்:
பந்து கூடாது. சைக்கிள் கூடாது.
புறாவுக்குத் தீனி கூடாது.
பதினோராம் பக்கத்தில் எழுத்துதிர்ந்த ஒரு பலகை,
எது கூடாதென்று
நான்கு மொழியிலும் தெரியவில்லை.
அதன் கீழே ஒரு பூனை தூங்குகிறது.

எந்த நாடா என்று சண்டை.
ஓவியம், என்றாள் இல்யானா.
சட்டம், என்றார் வெய் கியாட், சிரிக்காமல்.
கடைசியில் வெள்ளை நாடா வெட்டிப்
புதுப் பிரிவு திறந்தேன்.
அதில் ஒரே நூல்.

மூன்று வாரம் யாரும் தொடவில்லை.
வந்ததும் நேரே அங்கே போய் நிற்பான்,
வேறெதையோ தேடுகிறவன் மாதிரி.

நாலாம் வாரம் காணோம்.
இரவல் ஏட்டில் பெயரில்லை.
தட்டுக்கடியில், நகல் இயந்திரத்தின் பின்னால்,
குப்பைக் கூடையில்கூடப் பார்த்துவிட்டு,
எப்படிச் சொல்வதென்று ஒத்திகையும் பார்த்து,
மூன்றாம் மாடிப் படியில் அவனை வழிமறித்தேன்.

யாரோ எடுத்துட்டுப் போயிட்டாங்க.

"கேக்காமலா?"
ஆமா.
"அப்ப, திருடிட்டாங்களா?"
ஆமான்னுதான் நினைக்கிறேன்.

பையை இறக்கி வைத்துப் படியில் உட்கார்ந்தான்.
"இன்னொரு தடவை சொல்லுங்க," என்றான்.

அட்டவணையில் 'நிலை' என்ற கட்டத்தில்
தொலைந்தது என்று எழுதி, அடித்து,
வெளியே என்று எழுதினேன்.

இப்போது அடுத்ததற்கு
முப்பத்திரண்டு பக்கம் மடித்து வைத்திருக்கிறான்.
ஸ்டேப்பிள் முள் தீர்ந்துபோச்சு.
கீழே டயர்க்காரரிடம்
கடன் கேட்கப் போயிருக்கிறான்.