ஓர் இருமல், மூன்று பெட்டிகள்

கௌனஸில் நவம்பர்.
நான்கு மணிக்கே விளக்கு போட்டாயிற்று.
சமையல் மேசையில் மூன்று பெட்டிகள்,
மூன்றும் இரவல், ஞாயிறு வரை.
பழைய ப்ரீஆம்ப் செத்து இருபது நாள் ஆகிறது.

பகலில் நான் எக்ஸ்ரே எடுப்பவள்.
"மூச்சை அடக்குங்கள், விடுங்கள்"
ஒரு நாளைக்கு அறுபது முறை.
எலும்பைப் பார்த்தே பழகிய கண்;
காதை யாரும் பழக்கவில்லை.

சோதிக்க ஒரே ஓர் இசைத்தட்டு போதும்.
தேவாலயத்தில் பதிவான சேர்ந்திசை,
தங்கை ரசுட்டே இரண்டாம் வரிசையில்.
மூன்றாம் பாடலின் கடைசிச் சுரம்
கூரையை விட்டு இறங்குமுன்
யாரோ இருமுகிறார்கள்.
யாரோ என்ன யாரோ, நான்தான்.
தட்டு வெளிவந்து ஒன்பது வருடம்.
ரசுட்டே ஒரு வார்த்தை சொன்னதில்லை.
அதுதான் உறுத்துகிறது.

வால்வுப் பெட்டியை
லிஃப்ட் பழுது பார்க்கும் சீகிமாந்தஸ்
ஐந்து மாடி படியேறிச் சுமந்து வந்தார்.
லிஃப்ட் ஓடவில்லை.
அதைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவில்லை.
சூடேறக் காத்திருந்தேன், உள்ளே இரண்டு தணல் துளிகள்.
பிறகு குரல்கள் வந்தன,
குளித்துத் தலை துவட்டிக்கொண்டு வருகிறவர்கள் மாதிரி.
என் இருமலும் கம்பளி போர்த்தியிருந்தது.
மன்னித்துவிடலாம் போலிருந்தது.
பென்சிலால் வால்வைத் தட்டினேன்,
ஸ்பீக்கர் ணங் என்றது.
தொட்டாற்சுருங்கி. கதவை அறைந்து சாத்த முடியாது.
பூனைக்கு மட்டும் எந்தக் குறையும் தெரியவில்லை,
மூடி மேல் படுத்துத் தூங்கிவிட்டது.

பாசிவ் பெட்டி கைக்கு அடக்கம்.
ஒரு குமிழ், சில மின்தடைகள், மிச்சமெல்லாம் காற்று.
மின்சாரம்கூட வேண்டாம்.
"எதையும் சேர்க்காது" என்றாள் மருந்துக்கடை எல்ஸ்பியேதா.
உண்மை. எதையும் கொடுக்கவும் இல்லை.
ஜன்னலோர அலமாரியிலிருந்து ஆம்ப்ளிஃபயர்வரை
ஆறு மீட்டர் கேபிள்;
மேல்ஸ்தாயிப் பெண்கள் பாதி வழியிலேயே
மூச்சு வாங்கி நின்றுவிட்டார்கள்.
குமிழ் மூன்று மணியைத் தாண்டியும்
ஆண்கள் உட்கார்ந்துகொண்டுதான் பாடினார்கள்.

டிரான்ஸ்ஃபார்மர் பெட்டியைத் தூக்கியபோது
இடுப்பு பிடித்துக்கொண்டது.
உள்ளே செம்புக் கம்பி, கிலோக்கணக்கில்.
முதலில் ஒரே ரீங்காரம், தேனீக்கள் குடியேறியதுபோல.
பெட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன்,
அழுகிற பிள்ளையைத் தோள் மாற்றுவதுபோல.
ஒரு கோணத்தில் சட்டென்று அமைதி.
அந்த அமைதியில் அறுபது பேர்
இரண்டு காலில் நின்று பாடினார்கள்.
இதுதான் என்று முடிவு செய்தேன்.
விலையைக் கேட்டேன்.
நாளை முடிவு செய்யலாம் என்று முடிவு செய்தேன்.

சனி இரவு தூக்கமில்லை.
ரீங்காரத்தைத் துரத்தியதில்
ஆம்ப்ளிஃபயர் அலமாரியருகே நகர்ந்திருந்தது,
அரை மீட்டர் கேபிளே எட்டியது.
நியாயத்துக்காகப் பாசிவை மறுபடி மாட்டினேன்.
இருமல்.
கம்பளி இல்லை, சால்வை இல்லை, வெறும் தொண்டை.
கைப்பையில் கைக்குட்டை தேடும் சரசரப்பு.
அதன் பின்னால், இரண்டாம் வரிசையிலிருந்து,
மூக்கு வழியே தப்பித்த
ஒரு துளிச் சிரிப்பு.

எழுந்து நின்றுவிட்டேன்.
வால்வை மாட்டினேன், சிரிப்பு இருந்தது.
டிரான்ஸ்ஃபார்மரை மாட்டினேன், இருந்தது.
எப்போதும் இருந்ததா,
இப்போதுதான் என் காதில் குடியேறியதா,
எந்த மீட்டர் இதை அளக்கும்?

விடிந்ததும் ரசுட்டேவுக்குப் போன் செய்தேன்.
"ஒன்பது வருடமாக நீ சிரித்துக்கொண்டா இருந்தாய்?"
"நானா? அது பக்கத்தில் நின்ற ஓனா.
நான் அப்போது
உன்னை எப்படிக் கொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்."
பிறகு அவளே சிரித்தாள்,
மட்டமான போன் ஸ்பீக்கரில்,
ஒன்றும் குறையாமல்.

இரண்டு பெட்டிகள் படியிறங்கிப் போயின.
எல்ஸ்பியேதாவுக்குப் பணம் கொடுத்துவிட்டேன்.
ஆம்ப்ளிஃபயர் இனி அலமாரியை ஒட்டித்தான்,
செருப்புகள் வைத்திருந்த இடத்தில்.
செருப்புகள் எங்கே போகும் என்பதை
இன்னும் தீர்மானிக்கவில்லை.