உள்ளது உள்ளபடி

கிருஷ்ணகிரி முன்சீப் கோர்ட்,
அசல் வழக்கு 212, ஆண்டு 1987.
வழக்குச் சொத்து: காவேரிப்பட்டணத்தில்
புளி மண்டி வைத்துப் பெரியாளான
குப்பண்ண செட்டியார் கட்டிய மாடி வீடு.
நான் அதன் அட்வகேட் கமிஷனர்.
அளக்க வேண்டும், எழுத வேண்டும்,
அபிப்பிராயம் சொல்லக் கூடாது.

முதல்முறை போனபோது வயது இருபத்தாறு.
கறுப்புக் கோட்டு இரவல்.
வடக்கே நாலு சன்னல் என்று எழுதினேன்.
வேங்கைத் தூண் பதினாறு, அடியில் கருங்கல்.
நிலைக்கு மேலே தெலுங்கு எண்ணில் ஓர் ஆண்டு,
சர்வேயர்தான் படித்துச் சொன்னார்.
மூன்றாம் அறையில் பழம்புளி வாசனை.
அளக்க வழியில்லை, விட்டுவிட்டேன்.

தடை உத்தரவு மூன்றே வரி.
உள்ளது உள்ளபடி இருக்க வேண்டும்.
விற்கக் கூடாது, இடிக்கக் கூடாது,
ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது.

எதிர்வீடு செல்போன் கடையாயிற்று.
பக்கத்து வீடு பளபளவென்று
கிரானைட் ஒட்டிக் கல்யாண மண்டபம்.
இதை மட்டும் யாரும் தொடவில்லை.
பாசமெல்லாம் இல்லை.
ஒரு பங்காளி கடப்பாரை எடுத்தால்
மூன்று பங்காளிகள் வக்காலத்து எடுத்தார்கள்.
பகை இவ்வளவு நன்றாகக் காவல் காக்கும் என்று
நான் படித்த சட்டத்தில் எங்குமே இல்லை.

மழைக்குத்தான் நோட்டீஸ் சார்வாகவில்லை.
2005 ஐப்பசி. ஒழுகுகிறதென்று ஒரு மனு,
ஒழுகவில்லையென்று ஓர் எதிர்மனு.
மறுபடி போனேன்.
மேல்தளத்தில்
விரிசல் இருக்க வேண்டிய இடத்தில்
விரிசல் இல்லை.
தொட்டேன். ஈரம்.
நாலாம் பிரதிவாதியின் மனைவி சம்பூரணம்
கைகளை முந்தானைக்குள் வைத்து நின்றாள்.
கடுக்காய் ஊறிய அண்டா
தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பாதி தெரிந்தது.
"கீழ் ரூம்ல எம்மவ படிக்கிறா சார்."
அவ்வளவுதான் சொன்னாள்.
வாதி வக்கீல் தெருமுனையில் டீ குடிக்கிறார்.
கோர்ட் அவமதிப்புக்கு ஆறு மாதம் வரை போடலாம்.
எழுதினேன்:
'பழைய சுண்ணாம்புத் தளம். மாற்றம் ஏதுமில்லை.'
பக்கத்தின் ஓரத்தில் என் கட்டைவிரல்
வெள்ளையாக விழுந்திருந்தது.
குறுக்கு விசாரணையில் ஒருவரும் அதைக் கேட்கவில்லை.

போன மாசியில் தீர்ப்பு.
நாலு சம பங்கு, பிரித்து வரைபடம் தருக.
கமிஷனர் நானே. இப்போது கோட்டு சொந்தம்,
முட்டிவலியும் சொந்தம்.
வாசலில் பெங்களூர் லாரி.
மரத்துக்கு விலை பேச வந்தவன்
தர்பூசணி வாங்குபவன் மாதிரி
ஒவ்வொரு தூணாகத் தட்டிக் காதை வைத்தான்.

சிவப்புப் பேனாவை எடுத்தேன்.
மாடி ஒன்றாம் பங்குக்கு.
மாடிப்படி மூன்றாம் பங்குக்கு.
கிணறு இரண்டில்,
கிணற்றுக்குப் போகும் நடை நான்கில்.
சதுர அடி கணக்கில் அங்குலம் பிசகவில்லை.
வேண்டுமானால் அளந்துகொள்ளட்டும்.

நாலு பேரும் ஆட்சேபணை போட்டார்கள்,
ஒரே நாளில், ஒரே டைப்பிஸ்டிடம் அடித்து.
முப்பத்தெட்டு வருடத்தில்
அவர்கள் சேர்ந்து செய்த முதல் காரியம்.
வாய்தா ஆடிக்குப் போயிற்று,
ஆடியிலிருந்து கார்த்திகைக்கு.
தடை நீள்கிறது.

கடைசியாகப் பார்வையிட்டு இறங்கி வந்தபோது
லாரி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும்.
மேல்தளத்தில் கட்டையால்
யாரோ சுண்ணாம்பு தட்டும் ஓசை.
நான் அண்ணாந்து பார்க்கவில்லை.
அறிக்கைப் படிவத்தில்
ஓசைக்குப் பத்தி கிடையாது.