பனைமரத்தில் நெறி

தென்னைமரத்தில் தேள் கொட்டினால்
பனைமரத்தில் நெறி கட்டுமாம்.
துரோலாக் காப்பிக்கடையில்
யாராவது சம்பந்தமில்லாமல் கோபித்துக்கொண்டால்
இதைச் சொல்லிச் சிரிப்போம்.

சம்பந்தம் இருக்கிறது என்று
டாக்டர் ஹஸ்லினா படம் வரைந்தார்.
ஒரு சின்னக் கோடு, இரண்டு தொடை,
இடுக்கில் இந்தப் பக்கம் ஏழெட்டுப் புள்ளி,
அந்தப் பக்கம் ஏழெட்டுப் புள்ளி.
கொட்டிய இடத்தை மார்ச் மாதமே வெட்டியாகிவிட்டது.
எவ்வளவு என்று கேட்காதீர்கள்.
இப்போது உட்கார்ந்துதான் போகிறேன்.

அதற்கு என்னிடம் மூன்று பெயர் இருந்தது:
பிள்ளையைக் குளிப்பாட்டும்போது சொல்வது,
லோரிக்காரனைத் திட்டும்போது சொல்வது,
பள்ளிப் புத்தகத்தில் இருந்தது.
மூன்றில் எதுவும் கிளினிக்கில் வாயில் வரவில்லை.
எட்டு மாதம் அப்படிப் போனது.

ஈப்போ ஆஸ்பத்திரியில் மிஸி கூப்பிட்டாள்:
தணிகாசலம் அனாக் லெலாக்கி ரெங்கையா.
ரெங்கையா மகன், அவ்வளவுதான் அர்த்தம்.
பிரித்தால் ஆண்பிள்ளை.
ஐம்பத்தாறு வருசமாக அடையாளக் கார்டில் கிடந்த சொல்
அன்றைக்கு மட்டும் வார்டு முழுக்கக் கேட்டது.

மில்லில் நான் பழம் தரம் பார்ப்பவன்.
லோரி கொட்டும் பத்து டன்னில்
ஐம்பது குலையைப் புரட்டுவேன்.
காய் எத்தனை, அழுகல் எத்தனை,
அதை வைத்து முழு லோடுக்கும் தீர்ப்பு.
லோரிக்காரன் என் முகத்தையே பார்த்து நிற்பான்.
அப்படித்தான் நின்றேன், படுத்தபடி.
டாக்டர் நாலு விரலால் இடுக்கை உருட்டி
கைக்கு எதுவும் படவில்லை என்றார்.
மூச்சு விட்டேன்.
கைக்குப் படாததும் இருக்கும் என்றார்.
தெரியும் டாக்டர். மேலே செக்கச்செவேல் என்று
எத்தனை குலை பார்த்திருக்கிறேன்.

வடுவைச் சுற்றி ஊசி.
முதல் நாள் கதிர்மருந்து, மறுநாள் நீலச் சாயம்.
அது எந்த நெறிக்கு முதலில் ஓடுகிறதோ
அவன்தான் வாசல் காவலாளி,
அவனை மட்டும் எடுத்து விசாரிப்போம் என்றார்.
இரண்டு நாள் பச்சையாக மூத்திரம் போனது.
வலது காவலாளி நிரபராதி.
இடது பொய் சொல்லவில்லை:
வந்தான். உள்ளே விட்டேன்.

இடது பக்கம் முழுவதையும் வழித்தெடுத்தார்கள்.
தொடையில் ஒரு குழாய், குழாய்க்கு ஒரு புட்டி,
புட்டியில் வெளுத்த தேத்தண்ணி மாதிரி ஒன்று
நிற்காமல் ஊறியது.
நாளுக்கு ஐம்பது மில்லிக்குக் கீழே
இரண்டு நாள் இறங்கினால்
குழாயை எடுப்போம் என்று அனுப்பிவிட்டார்கள்.

தவமலர் காலையும் மாலையும் அளந்து
இரும்புக்கடைக் காலண்டரில் எழுதினாள்.
காலை 95, மாலை 80.
காலை 60, மாலை 45.
கட்டத்தில் இடம் போதாமல் ஒட்டி ஒட்டி எழுதினாள்.
சீனி கேட்க வந்த பக்கத்து வீட்டு ஜெகதாம்பாள்
காலண்டர் முன்னால் ரொம்ப நேரம் நின்றாள்.
புதன்கிழமை 6045 எடுத்தாளாம்.
ஆறுதல் பரிசு.

ஒரு டசன் ஆரஞ்சோடு வந்தாள்.
யாருக்கும் சொல்லமாட்டேன், எந்தக் கோயில் சாமி என்றாள்.
தவமலர் என்னைப் பார்த்தாள், நான் புட்டியைப் பார்த்தேன்,
புட்டி கைலிக்குள் இருந்தது.
சிரிக்கக் கூடாது. சிரித்தால் தையல் இழுக்கும்.
இழுத்தது.

குழாய் எடுத்தாயிற்று.
அழுத்தமான காலுறையோடு மில்லுக்குப் போகிறேன்.
சாயந்திரம் இடது கால் கனக்கிறது,
நெறி இல்லாத காலுக்கு நீர் இறங்க வழி தெரியவில்லை.
மூன்று மாதத்துக்கு ஒரு தரம் ஈப்போ, ஸ்கேன்.
வலது பக்கத்தை விரல் தானாகத் தேடுகிறது,
பஸ்ஸில்கூட.

ராத்திரி தவமலர் தையல் டேப்பால்
கெண்டைக்கால் இரண்டையும் அளக்கிறாள்.
வலது 36, இடது 39.
ஜன்னலை ஒரு தரம் பார்த்துவிட்டு
காலண்டரில் பெரிதாகவே எழுதுகிறாள்,
ஒட்டி.