மூன்றங்குலம்

கதவு நிலை இருபத்து நாலு.
சக்கர நாற்காலி இருபத்தேழு.
ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கே
டேப்பை நீட்டிப் பிடித்துச் சொன்னார்:
"குழித்துறைப் பாலத்துல லாரி எதிர வரும்போ
இதைவிடக் கொறஞ்ச எடத்துல பஸ்ஸ விட்டிருக்கேன்."

பஸ்ஸுக்கு யாரும் வரைபடம் கேட்டதில்லை.

பத்மநாபபுரம் கோட்டைக்குள் வீடு.
அடுக்களை ஜன்னலைத் திறந்தால் அரண்மனை ஓடு.
மண் தமிழ்நாடு, அரண்மனை கேரளத்து வசம்.
ஓவர்சியர் ஜெபசிங் நல்ல மனுசன்.
நிலையை விரலால் தட்டிப் பார்த்தார்.
"அயினித் தடி. நூத்தம்பது வருசம் காணும்" என்றார்,
என் பிள்ளைக்கு மார்க் போடுகிறவர் மாதிரி.
"இதுல கைவச்சா பழமைக்குக் கேடுன்னு எழுதிருவாவ.
வரைபடம் மூணு நகல், நாலு பக்கமும் போட்டோ,
தீர்வை ரசீது,
அந்தப் பக்கத்துத் தடையில்லாச் சான்று."
எந்தப் பக்கம் என்றேன்.
திருவனந்தபுரம் இருக்கும் திசைக்குப் பேனாவை நீட்டினார்.

சித்திரையில் கொடுத்தது.
வைகாசியில் பதில்:
போட்டோவில் கொடித்துணி தெரிகிறது, மாற்றி எடுத்துத் தரவும்.
ஆனியில்: படுக்கையறை என்று காட்டியிருப்பது
பழைய ஆவணத்தில் பத்தாயப்புரை. விளக்கம் தரவும்.
நெல் போய் நாற்பது வருசம் என்று எழுதினேன்.
ஆடி, ஆவணி, ஒன்றுமில்லை. மழை.
அடுத்த தெருவில் ஒருத்தர்
ராவோடு ராவாக ஓட்டைப் பிரித்துக் கான்கிரீட் போட்டார்.
விடிந்தபின் அதை
ஒருவரும் பார்க்கவில்லை.

அவர் முன்னறையில் கிடந்தார்.
குளியல் வாளியில்.
மற்றதைச் சொல்ல மாட்டேன்.
தெருப்பக்கத்துக்குப் பூப்போட்ட திரைச்சீலை வாங்கினேன்,
அதற்கு மனு வேண்டியிருக்கவில்லை.
வேனில் வந்தவர்கள் அரண்மனைக்கு வழி கேட்பார்கள்.
திரைக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் போகும்:
"நேரே போய் எடது. திங்கள்னா பூட்டியிருக்கும்."

புரட்டாசியில்
தக்கலை சைக்கிள் கடை மீரான்பிள்ளை
காற்றடிக்க வந்தார்.
இத்தனை பேர் கதவையே பார்த்திருக்க
அவர் நாற்காலியைப் பார்த்தார்.
சக்கரத்துக்கு வெளியே இரண்டு பக்கமும்
ஒவ்வொரு எவர்சில்வர் வளையம்,
கையால் பிடித்து உருட்டிக்கொள்வதற்கு.
"இதக் கழட்டினா போவும் அக்கா."
அந்தப் பக்கம் ஆறு போல்ட், இந்தப் பக்கம் ஆறு.

போனது.
அயினித் தடியில் ஒரு கீறல் விழாமல்
குளியலறை வரைக்கும் போனது.
கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே
வெகுநேரம் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

அதிலிருந்து
அவராகத் தன்னை ஓர் அடி நகர்த்த முடியாது.
"ரைட்" என்பார், தள்ளுவேன்.
"ஹோல்டான்" என்பார், நிற்பேன்.
முப்பத்தோரு வருசம்
பின்னாலிருந்து யாரோ சொல்ல, அவர் ஓட்டியது.

தை பிறந்து கடிதம் வந்தது, மலையாளத்தில்.
பஸ் பலகை படித்த கண்.
களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று
நிறுத்தம் நிறுத்தமாகப் போவதுபோல
எழுத்துக் கூட்டி வாசித்தார்.
வீட்டின் உட்புறத் தச்சுவேலை
இவ்வலுவலகத்தின் பரிசீலனைக்கு உட்பட்டதல்ல.

திரும்பவும் வாசித்தார்.
"கேக்கவே வேண்டாம்னு எழுதியிருக்கான்" என்றார்.
யாரும் சிரிக்கவில்லை.
ஜெபசிங்குக்கு ஒரு நகல் கொடுத்தேன்,
அவர் அதற்கு ஒரு வரவு எண் போட்டார்.

ஆசாரி வெள்ளிக்கிழமை வருகிறார்.
இன்றைக்குச் செவ்வாய்.
ஆணியில் தொங்கிய வளையங்களை எடுத்துவரச் சொன்னார்.
மாட்டினால் மூன்று நாள் குளியலறைக்குப் போக முடியாது என்றேன்.
"வாளி இருக்குல்லா.
அந்த ஸ்பானர எடு."

குனிந்து, மூச்சு வாங்கி,
ஒவ்வொன்றாக அவரே முடுக்கினார்.
பதினொன்றுதான் இருந்தது.
கட்டிலுக்கடியில் தேடப் போனேன்.
"கெடக்கட்டும், ஓடும்" என்ற குரல் கேட்டுத் திரும்பினால்
நாற்காலி அங்கே இல்லை.
முன்னறையின் அந்த மூலையில்
ஜன்னலோரம்
ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார்.