தெரியும் என்று எழுதுகிறேன்

கச்சேரிக்குப் போகிற வழியில்
ஒரு ஃபார்மசிக்கும் போட்டோக்கொப்பிக் கடைக்கும் நடுவே
பத்தடி அறை எனது.
மூன்று மொழியில் பெயர்ப்பலகை.
உப்புக்காற்று அரித்ததில்
சிங்களத்தில் நான் முழு நொத்தாரிசு,
தமிழில் வெறும் 'தாரிசு'.

காலை எட்டரைக்கே வந்துவிட்டார்,
பிறப்பத்தாட்சியில் சிவக்கொழுந்து,
அடையாள அட்டையில் சிவகொழுந்து.
ஒரு 'க்' தொலைந்து
ஏழு மாதமாய் ஓய்வூதியம் நிற்கிறது.
இருவரும் ஒருவரே என்று
சத்தியக் கடதாசி அடித்துக் கொடுத்தேன்.
கண்ணாடியைத் துடைத்து இருமுறை வாசித்தவர்
"ஓம், ரெண்டு பேரும் நான்தான்" என்றார்
எனக்குச் சந்தேகம் இருந்ததுபோல.

பிறகு கிண்ணியாவிலிருந்து சித்தி பரீனா.
கட்டாரில் இருக்கிற கணவர் அனுப்பிய
அற்றோணித் தத்துவத்தை
பொலித்தீன் உறையிலிருந்து எடுக்க மனமில்லாமல் நீட்டினாள்.
"அவர்ட கையெழுத்து, மிஸ்.
மழ படப்படாது."

மதியம் பாலையூற்றிலிருந்து
ஓர் ஆட்டோ நிறைய ஆட்கள்.
மரணசாசனம் எழுத வந்தவர் ஒருவர்.
எழுதுவிக்க வந்தவர்கள் நால்வர்.
மூத்த மருமகன் ஒரு தாளை மேசையில் வைத்தார்.
"எல்லாம் இதில கிடக்கு.
நீங்க இங்கிலீசில போட்டாச் சரி."
எல்லாரையும் வெளியே போகச் சொன்னேன்.
முறைத்தார்கள்.
சட்டம் என்றேன். பாதி சட்டம், பாதி நான்.

கதவு சாத்தியதும்
மரியநாயகம் தண்ணீர் கேட்டார்.
குடித்தார்.
பழைய உறுதியை விரித்து வைத்தார்:
பதினெட்டுப் பேர்ச்சும் அதிலுள்ள கல்வீடும்,
கிழக்கு எல்லை ஒழுங்கை,
மேற்கில் இப்போது இல்லாத ஒருவரின் வேலி.
தாளில் மாப்பேணியின் வட்டத் துருக்கறை.

"தொண்ணூறில ஓடேக்க
நான் ரேடியோவைத் தூக்கினேன், பிள்ளை.
என்ர தங்கச்சி பிலோமினாதான்
மாவைக் கொட்டிப்போட்டு
இந்த உறுதியைப் பேணிக்குள்ள போட்டவ.
முகாமில ரெண்டு வருசம் தலைமாட்டில வைச்சிருந்தவ.
அவவின்ர பேர் இதில
ஒரு இடத்திலயும் இல்லை."

பிலோமினா எங்கே என்று கேட்டேன்.
ஆட்டோவில் இடம் காணவில்லையாம்.

மருமகனின் தாளிலும் அந்தப் பெயர் இல்லை.
சீவிய உரித்து என்று ஒன்று இருக்கிறது என்றேன்.
வீடு பிள்ளைகளுக்கு.
ஆனால் அவ இருக்கும்வரை
அவவை எழுப்பிவிட எவராலும் ஏலாது.
"எவராலுமோ?"
எவராலும்.
"முன்னறையும் கிணத்தடியும் எண்டு போடுங்கோ.
கிணத்தடியை மறந்துபோகாதேங்கோ,
அவ விடிய நாலு மணிக்குக் குளிக்கிறவ."

ஆங்கிலத்தில் அடித்து, தமிழில் வாசித்துக் காட்டினேன்.
கிணற்றடி வந்ததும் தலையாட்டினார்.
ஃபார்மசி நிஹாலும் கொப்பிக்கடை றம்சீனும்
கை துடைத்துக்கொண்டு சாட்சிக்கு வந்தார்கள்.
ஒருவர் முன் ஒருவர், ஒரே நேரம், ஒரே அறையில்
நாலு பேரும் ஒப்பமிட்டோம்.
அவர் பெயரை எழுதி முடிக்க
மின்விசிறி நூறு தரம் சுற்றியிருக்கும்.
கடைசிப் புள்ளி அடுத்த வரியில் விழுந்தது.
அப்படியே விட்டேன்.

அடியில் நான் எழுத வேண்டிய வாசகம்
வழமையானது:
மேற்படி ஆளை எனக்குத் தெரியும்.
இருபத்திரண்டு வருடமாய் எழுதுகிறேன்.
பல நாள் அது அடையாள அட்டையின் இலக்கம்தான்.
இன்று பேனாவை ஒருகணம் தூக்கி வைத்துவிட்டு
எழுதினேன்.

கதவைத் திறந்தபோது
"பிரச்சினை ஒண்டுமில்லையே?" என்றார் மருமகன்.
ஒன்றுமில்லை என்றேன்.
வேறெதுவும் சொல்ல எனக்கு அனுமதியில்லை.

ஆட்டோ போன பிறகுதான் கண்டேன்,
அவர் கொண்டுவந்த தாள்
காற்றில் பறந்து வாசற்படியில் கிடந்தது.
கோட்டைப் பக்கமிருந்து நகருக்குள் அலைகிற மானொன்று
முன்காலைப் படியில் ஊன்றி
மூத்த மகளுக்குரிய பங்கிலிருந்து
மெல்லத் தொடங்கியிருந்தது.

கலைத்திருக்கலாம்.
நான் முத்திரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.