பதினேழு கோடுகள்

மாட்டுச் சந்தைக் கொட்டகைக்கு வெளியே
மடக்கு மேசை போட்டிருக்கிறேன்.
நெப்ராஸ்காக் காற்றுக்குக் கட்சி கிடையாது,
எல்லார் தொப்பியையும் பிடுங்கும்.
என் மனுத்தாள்களின் மேல் அதனால்
ஒரு குதிரை லாடம்.

கறுப்பு மை, அல்லது நீலம்.
பெயர் தெளிவாக, பிறகு கையொப்பம்.
வாக்காளர் பட்டியலில் இருக்கும் முகவரி;
தபால்பெட்டி எண் செல்லாது.
கணவனுக்காக மனைவி போடக் கூடாது.
காலையிலிருந்து நூறு தடவை சொல்லியிருப்பேன்.
இன்னும் பிறக்காதவர்களுக்கு
முகவரியே இல்லை என்பதை மட்டும்
ஒருதரமும் சொல்லவில்லை.
சொன்னால் குரல் உடையும்.
உடைந்த குரலுக்கு இரங்கி விழும் கையொப்பம்
எனக்கு வேண்டாம்.

எல்டன் ரூசிச்கா கண்ணாடி கொண்டுவரவில்லை.
முழுத்தாளையும் வாசித்துக் காட்டினேன்,
விதிவிலக்குகள் உட்பட.
விதிவிலக்கு இருக்கிறதா என்று முகம் சுளித்தார்.
இருக்கிறது என்றேன்.
போடாமலே போய்விட்டார்.
எங்கள் பக்கத்து ஆள்.

முட்டைப் பண்ணைச் சீருடையில் ஒருத்தி,
இடுப்பில் ஒன்று, வயிற்றில் ஒன்று.
பெயர் யெசேனியா.
பட்டியலில் அவள் பெயர் இராது, குடியுரிமை இல்லை.
ஆனாலும் நின்று படித்தாள்,
விரலை வரிக்குக் கீழே நகர்த்தி நகர்த்தி.
"தடுக்கும், சரி.
தாங்குமா?"
என் பையில் இன்னொரு தாள் இருந்தது.
செவ்வாய்க்கிழமை மாவட்டக் குழுவின் முன்னால்
மூன்று நிமிடம் பேசுவதற்கானது:
பிரசவ மருத்துவமனை எண்பது மைல்,
வாரம் ஒரு வேன் விடுங்கள்.
போன வருடமும் இதையே கேட்டேன்,
ஐந்துக்கு இரண்டில் தோற்றேன்.
அந்த ஐவரில் மூவர்
இந்த மனுவில் முதல் நாளே கையொப்பமிட்டவர்கள்.
இதை அவளிடம் எப்படிச் சொல்ல?
சொன்னேன்.
குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு
"செவ்வாய் எத்தனை மணிக்கு?" என்றாள்.

சாலைக்கு அந்தப் பக்கம்
வில்டா ஹோல்ம்குவிஸ்டின் மேசை.
என் மனு எதை நிறுத்தக் கேட்கிறதோ
அதை நிலைநிறுத்தக் கேட்கும் மனு.
அவளுக்கும் இருபது கோடுதான் ஒரு தாளில்,
அவளுக்கும் கறுப்பு அல்லது நீலம்.

மூன்று மணிக்கு அந்தக் காற்று வந்தது.
அவள் மேசை கவிழ்ந்தது.
தாள்கள் கன்றுகளின் கால்களுக்கிடையில் ஓடின,
ஒன்று மட்டும் நேரே வந்து
என் பூட்ஸின் கீழ் அடங்கியது.

பதினேழு பெயர்கள்.
யாரும் பார்க்கவில்லை.
என் கணக்கில் பதினேழு என்பது
வெறும் எண் அல்ல. ஒவ்வொரு கோடும்
ஒரு கதவு,
அதன் பின்னால் யார் யார் நுழையாமல் போவார்கள்
என்று இரவில் எண்ணிப் பார்ப்பவள் நான்.
சேறு இருந்தது. குதிகாலைத் திருப்பினால் போதும்.

ஏழாவது கோட்டில் ஒரு கையெழுத்து தெரிந்தது,
மருந்துச் சீட்டுகளில் பார்த்துப் பழகிய கிறுக்கல்.
கால்நடை டாக்டர் லோர்னா.
பிப்ரவரிப் பனியில் இரவு இரண்டு மணிக்கு
தோள்வரை கைவிட்டு
தலை திரும்பிய கன்றை இழுத்துப் போட்டவள்,
மூச்சில்லாததற்கு
வைக்கோலால் மூக்கைச் சீண்டி மூச்சு வரவைத்தவள்.
அவளா.
அவள்தான்.

காலை எடுத்தேன்.
சட்டம் என்று நான் நம்புவது
இந்தத் தாளுக்கும் சேர்த்துத்தானே,
இல்லையென்றால் அங்கே லாடத்தின் கீழ் இருப்பது
வெறும் காகிதம்.

சாலையைக் கடந்தேன்.
வில்டா வாங்கி, எண்ணி,
சேற்றை மேல்கோட்டுக் கையால் துடைத்தாள்.
"உன்னைத் தோற்கடிப்பேன்" என்றாள், மரியாதையாக.
"முயற்சி செய்" என்றேன்.
திரும்பி வருவதற்குள்
என் மேசையின் பேனாவை எவனோ கொண்டுபோயிருந்தான்.

நாளைக் காலை லோர்னா வருகிறாள்,
கன்றுகளுக்குத் தடுப்பூசி.
நான் காபி போடுவேன்.
அவள் வாளியில் கை கழுவுவாள்.
கேட்பேனா என்று
இப்போது தெரியவில்லை.