வினா பதினான்கு

பாடாங் செராயில் ஒரு பாரத்துக்கு ஆறு வெள்ளி.
நாளுக்குப் பன்னிரண்டு வீடு என்று கணக்குப் பண்ணித்தான்
மோட்டாருக்கு எண்ணெய் ஊற்றினேன்.

முதல் வீட்டில் நாய்.
இரண்டாவதில், "ஆஸ்ட்ரோ ஆளா? வெட்டியாச்சே!" என்றார்கள்.
மூன்றாவதில் ஆளே இல்லை.
சன்னல் வழியே பார்த்தேன்,
காலி நாற்காலிக்குக் காற்றாடி வீசிக்கொண்டிருந்தது.
அதைப் பதிய என்னிடம் வினா இல்லை.

வினா ஒன்பது, சமைப்பது எதில்?
வீரசிங்கம் விவரமாகவே சொன்னார்:
தோம்பு முப்பது வெள்ளி,
தூக்கிவந்து வைக்க ரெண்டு,
தீர்ந்துவிட்டதென்று நினைக்கும்போது
படுக்கப் போட்டுக் காலால் உருட்டினால்
இன்னும் ரெண்டு சாம்பார் வரும்.
நான் 'எரிவாயு' என்பதைத் தொட்டேன்.
உருட்டியது எதிலும் சேரவில்லை.

வினா பதினொன்று, குளிர்சாதனம் உண்டா?
உண்டு.
ஓடுமா?
ஓடும்.
ஓடுகிறதா?
பிள்ளை பெற்று வந்த மகளுக்காக
நாற்பத்து நான்கு நாள் ஓடியதாம்.
பில் வந்த அன்று
ரிமோட்டின் பேட்டரிகளைக் கழற்றி
சுவர்க்கடிகாரத்துக்கு ஒன்றும்
டார்ச்சுக்கு ஒன்றும் கொடுத்துவிட்டார்கள்.
கடிகாரம் சரியான நேரம் காட்டியது.
எனக்கு ஏற்கெனவே நேரமாகியிருந்தது.

செம்பனை லோரிகள் திரும்பும் முக்கில்,
லயத்தை இடித்துக் கட்டிய கடைசி வரிசையில்,
முப்பத்தேழாம் எண் வீடு. ஜெகதாம்பாள்.
வெள்ளைப்பூண்டு உரித்துக்கொண்டே பதில் சொன்னாள்.
விளக்கு நான்கு, எரிவது ரெண்டு.
துணி மெஷின், மூடி கிடையாது.
பில் நூற்றுப் பதினெட்டு.

"ரெண்டு விளக்குக்கா?"

பூண்டைக் கீழே வைத்தாள்.
"கரண்டுகாரன்கிட்ட சொல்லிடுவியா?"
சொல்ல மாட்டேன், இதில் பெயரே கேட்பதில்லை என்றேன்.
அதன் பிறகுதான் காட்டினாள்,
குளியலறைச் சன்னல் வழியே
மஞ்சள் வயர் ஒன்று துணிக்கொடியோடு கொடியாக
அடுத்த வீட்டுக்குப் போவதை.
அங்கே மீட்டரைக் கழற்றி ஐந்து மாதம்.

வினா பதினான்கு,
கட்டணம் செலுத்துபவர் யார்?
குடும்பத் தலைவர், துணைவர், பிள்ளைகள், மற்றவர்.
"எந்தக் குடும்பத்தைக் கேக்கற?" என்றாள்.

அந்த நேரம் பார்த்து டாப் அணைந்தது.
பதியாத ஏழு வீடுகள் உள்ளே.
மிச்சமிருந்த ஒரே பிளக்கில் சோற்றுச் சட்டி.
சோறு வெந்துவிட்டதா என்று மூடியைத் தூக்கிப் பார்த்து,
அதைப் பிடுங்கி, என்னுடையதைச் சொருகினாள்.
பிறகு பிரிட்ஜ் மேலிருந்து
வாய்ப்பாடு அச்சடித்த பள்ளிக்கூட நோட்டு ஒன்றை எடுத்தாள்.

தாள் தாளாகப் பென்சில்.

மாலதி வீடு, பிரிட்ஜ், மாசம் 22.
மாலதி வீடு, அயர்ன், சனி, 80 சென்.
கொங்சி ரஃபிக், போன் 2, 40 சென்.
கொங்சி ரஃபிக், போன் 1, ஊருக்குப் பேச, கோடு.
மாலதி வீடு, காற்றாடி, கூடுதல் 1.50.
மாலதி மவ, பரீட்ச லைட்டு, கோடு.
கோடு.
கோடு.

"கோடுன்னா?"
"கோடுன்னா கோடுதான்."

அரை நாளாக நான் தேடி நடந்தது
அந்த நோட்டில் இருந்தது,
என் மொத்தப் பாரத்தை விடவும் திருத்தமாக,
கையெழுத்து மட்டும் சாய்ந்து.

டாப் உயிர் வந்ததும்
பதினான்கில் 'மற்றவர்' என்பதைத் தொட்டேன்.
விளக்குக என்று ஒரு பெட்டி திறந்தது.
இருபது எழுத்துக்கு மேல் ஏற்காதாம்.
மாலதி என்று தொடங்கினேன், அழித்தேன்.
பெட்டியை வெறுமையாக விட்டால்
அடுத்த வினா வருகிறது. விட்டுவிட்டேன்.

கிளம்பும்போது பென்சிலை நாக்கில் தொட்டு எழுதினாள்:
பாரம் புள்ள, டாப், 35 நிமிசம்.
கோடு போடுவாள் என்று நினைத்துச்
செருப்பைக்கூட மாட்டிவிட்டேன்.

முப்பது சென்.

"உனக்கு ஆறு வெள்ளி குடுக்கறாங்கல்ல."

ஐம்பது சென் கொடுத்தேன்.
மைலோ டின்னைக் கவிழ்த்துத் தேடி
நாலு அஞ்சு சென்னாகப் பாக்கி தந்தாள்.